செகண்ட் கியரில் இறங்கியவன்

வெற்றியைப் பற்றிப் பேசுகிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படி ஒருவர் பேசியதைக் கேட்டேன். ஏசி காரில் வந்திறங்கி, காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு, "பயத்தைத் தூக்கி எறியுங்கள்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் கையைத் தூக்கினோம். எங்கே எறிவது என்று சொல்லவில்லை. அந்த ஆள் ஒரு தடவையாவது வெள்ளிமலையிலிருந்து ஆளும் மூட்டையுமாக ஜீப்பை இறக்கியிருப்பாரா?

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஜீப்பில் கிளீனராகத் தொங்கி, ஓட்டக் கற்று, லைசென்ஸும் எடுத்தேன். ஆனால் எதற்கும் பயம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிற ஜாதி.

மளிகைக் கடை பாயிடம் இரண்டு ஜீப் இருந்தன. ஒன்றை அவரிடம் பல வருஷமாக இருந்த பழைய டிரைவர் ஓட்டினார், இன்னொன்றைப் பாய் எனக்குத் தந்தார். மழைக்காலம் முடிந்ததும் ஒரு வண்டியை விற்கப் போவதாகவும், பிறகு ஒரு டிரைவர் போதும் என்றும் முன்பே சொல்லிவிட்டார். வேலை போனால் நான் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போக வேண்டியதுதான்.

மலை இறக்கத்தில் எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கியரை எடுத்து நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மட்டும் நம்பி உருள விடுவார்கள். டீசலும் மிச்சம், ஆம்பிளை என்ற பெயரும் கிடைக்கும். பழைய டிரைவர் அதில் மன்னன். நானோ மேலேயே செகண்ட் கியரைப் போட்டால் அடிவாரம் வரை மாற்ற மாட்டேன்; இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கொள்கை எல்லாம் இல்லை. வெறும் பயம்.

சந்தைக்கு இறங்கும் பெண்கள் பொறுப்பார்களா?

"இன்னா தம்பி, ஊர்வலமா இட்டுனு போற? சந்தையே கலைஞ்சிடும்!"

"ரோடு ஈரமா கீதுக்கா."

"ரோடா ஈரமா கீது? உன் பேண்டத் தொட்டுப் பாரு!"

வண்டியே சிரிப்பில் குலுங்கியது.

அடிவாரத்து டீக்கடையில் பழைய டிரைவர் முன்பே வந்து காத்திருப்பார். "வாடா, பொணத்த எறக்கிட்டியா?" என்பார், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டிக்குத் திரும்புவேன். மறுநாள் விடிந்ததும் மறுபடி போய் வண்டியை எடுப்பேன். இதற்கு விடாமுயற்சி என்று பெயர் வைக்க நாலு பேர் இருப்பார்கள். மிளகு பறிக்க மரமேறவும் எனக்குப் பயம் என்பதுதான் உண்மை.

மழை ஓய்ந்தது. பாய் இரண்டு ஜீப்பையும் ஷெட்டில் விட்டார். மெக்கானிக் சக்கரங்களைக் கழற்றி எங்கள் மூவருக்கும் காட்டினார். பழைய டிரைவரின் வண்டியில் பிரேக் லைனிங் தேய்ந்து இரும்பு பல்லைக் காட்டியது. என் வண்டியில் போட்டது போட்டபடி தடிமனாக இருந்தது.

"ஏம்பா, நீ பிரேக்கே புடிக்கிறதில்லியா?" என்றார் பாய்.

"செகண்ட் கியர்லயே எறங்குவேங்க பாய். பயமா கீது."

"அப்போ பயந்துக்கினே ஓட்டு. செலவு கம்மி."

"தொடைநடுங்கிக்குப் போயி வண்டியக் குடுக்கிறீங்களே பாய்!" என்றார் பழைய டிரைவர்.

"உன்ன மாதிரி ஆம்பிளைக்கு லைனிங் வாங்கி எனக்குக் கட்டாதுப்பா."

கனவு, லட்சியம், தன்னம்பிக்கை எதுவும் அந்த ஷெட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சாவியை வாங்கி, என் வண்டிச் சாவிதானா என்று இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். பழைய டிரைவர் அதைப் பார்த்தும் சிரித்தார். ஓட்ட வண்டியில்லாத டிரைவரின் சிரிப்புக்கு என்ன மதிப்பு? நான் ஏறி உட்கார்ந்து, முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தேன்.