ஷேக் மைதீனுக்குக் கோணல் ஆகாது

பேசிக்கொண்டே என் சட்டைப் பையில் சாய்ந்திருந்த பேனாவை நிமிர்த்திவிட்டார். நான் கவனிக்கவில்லை என்று நினைத்து, மேசைமேல் கிடந்த என் செல்போனையும் விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்தார். அதன் பிறகுதான் அவரால் நான் கேட்டதற்குப் பதில் சொல்ல முடிந்தது.

"கோணலாப் பாத்தா எனக்குப் பல்லு கூசும் சார். என்ன செய்ய?"

ஷேக் மைதீன் உத்தமபாளையத்தில் ஒரு தனியார் எக்ஸ்ரே நிலையத்தில் படம் எடுக்கிறார். வயது நாற்பத்தாறு. தாடியை இடம் வலம் அளந்துதான் கத்தரிப்பார் போலிருக்கிறது. இந்த வேலைக்கு வருமுன் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்தவர். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. பக்கத்துத் தேவாரம் ஊரிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் விவசாயியிடம், "மொகத்த லேசாத் தூக்குங்கய்யா, ஆங், அப்படித்தான்" என்பார். இடுப்புப் படத்துக்கு முகம் எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

நான் தேனிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளன். முதுகெலும்பு வளைவைக் கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்து அளந்து சொல்ல வேண்டும் என்பது என் ஆராய்ச்சி. விண்ணப்பத்தில் 'செயற்கை நுண்ணறிவு' என்று எழுதியிருந்தேன். இயற்கையில் அமையாததைச் செயற்கையிலாவது பார்த்துவிடலாம் என்ற ஆசைதான். ஷேக் மைதீன் தாம் எடுத்த படங்களில் பென்சிலாலும் கோணமானியாலும் வளைவை அளந்து எழுதித் தருவார். நான் அவற்றைக் கம்ப்யூட்டருக்கு ஊட்டுவேன். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். எட்டு மாதத்தில் அது அவருடைய பென்சிலோடு இரண்டு டிகிரிக்குள் ஒத்துப்போனது. நான் கல்லூரியில் தரையில் கால் பாவாமல் நடந்தேன். அந்த எட்டு மாதமும் படம் எடுக்கும் அறைக்குள் ஒருமுறைகூட நான் எட்டிப் பார்க்கவில்லை. வெளியே மின்விசிறி நன்றாக ஓடியது.

அவருடைய மகள் ரஃபியா ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய பள்ளிக்கூடப் பாவாடை ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது என்று தையல்காரர் செல்வமணியிடம் இரண்டு முறை சண்டைக்குப் போனார் ஷேக் மைதீன். மூன்றாம் முறை செல்வமணி பாவாடையை மேசையில் விரித்து டேப் வைத்தே காட்டிவிட்டார். "துணி நேராத்தான் இருக்கு பாய். பிள்ளையத்தான் டாக்டருட்டக் காட்டணும்."

மகளுக்கு அவரே படம் எடுத்தார். பென்சில் பதினெட்டு டிகிரி என்றது, என் கம்ப்யூட்டர் பதினேழு என்றது. இருபதுக்குக் கீழே என்றால் அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். இருபத்தைந்தைத் தாண்டினால், வளர்ந்து முடிவதற்குள் முதுகுக்குப் பெல்ட் மாட்டியாக வேண்டும். விட்டால் வளைவு ஏறிக்கொண்டே போகும். "கம்ப்யூட்டரே சொல்லிருச்சு, பயப்படாதீங்க பாய்" என்றேன். டாக்டரும் படத்தைப் பார்த்து அதையே சொன்னார். ஷேக் மைதீன் அல்வா வாங்கி வந்தார். நான் கூச்சமில்லாமல் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.

கருத்தரங்கில் காட்ட ஒரு புகைப்படம் தேவைப்பட்டதால்தான், அடுத்த வாரம் கேமராவோடு அந்த அறைக்குள் முதல்முறையாக நுழைந்தேன். பள்ளி விட்டு வந்திருந்த ரஃபியா, படம் எடுப்பதுபோலச் சும்மா மேசையில் படுத்துக் காட்டினாள். ஷேக் மைதீன் ஒரு துண்டை மடித்து அவள் விலாவுக்கு அடியில் செருகி, தோளைப் பிடித்து நேராக்கினார்.

"அது என்ன பாய்?"

"துண்டு சார்."

"எதுக்கு?"

"முதுகு நேரா வாரதுக்குத்தான். முன்னால படம் கோணலா இருக்குன்னு பழைய டாக்டரு ரொம்பத் திட்டுனாக."

"எல்லாருக்கும் இப்படித்தான் வைப்பீங்களா?"

"சேச்சே, கோணலா இருக்கவுகளுக்கு மட்டும்தான். நேரா இருக்கவுகளுக்கு எதுக்கு சார் துண்டு?"

துண்டு முட்டுக்கொடுத்தால் முதுகு நிமிர்ந்து, படத்தில் வளைவு குறைந்துதான் விழும் என்று சொன்னேன். அவர் மகளைச் சுவரோரம் நிற்கவைத்தார். தொடாமல் ஒரு படம் எடுப்பது அவருக்கு எவ்வளவு பெரிய பாடு என்று அன்றுதான் பார்த்தேன். இரண்டு முறை அவள் தோள்வரை போய்விட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பென்சிலும் கம்ப்யூட்டரும் வழக்கம்போல ஒற்றுமையாக இருந்தன. முப்பத்து நான்கு.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். ஏட்டைக் கெடுத்தவராவது எட்டாம் வகுப்போடு நின்றவர். நான் எம்.டெக்.

"ஊரார் பிள்ளைகளுக்கு டாக்டரு திட்டக்கூடாதேன்னு துண்டு வச்சேன் சார்" என்றார், படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எம்பிள்ளைக்கு ஆசையில வச்சேன். நல்லா வரட்டும்னு இன்னொரு மடிப்புக் கூட்டி வச்சேன்." அந்த அல்வாவைத் தின்ற வாயால் என்ன ஆறுதல் சொல்ல?

அவர் பதிவேட்டை எடுத்தார். யார் யாருக்குத் துண்டு வைத்தார் என்பது ஒன்றுவிடாமல் நினைவிருந்தது. அறுபத்து மூன்று பெயர்களுக்கு எதிரே பென்சிலால் குறியிட்டார். "நாளையிலிருந்து ஒவ்வொருத்தரா வரச் சொல்லணும் சார். என்ன கேட்டாலும் கேக்கட்டும்" என்றார். கம்ப்யூட்டரை முதலிலிருந்து படிக்க வைப்பது என் தலையெழுத்து.

ரஃபியா உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தாள்.

"அத்தா, படம் கோணலா வந்திருச்சா?"

"ஆமாம்மா. இப்பத்தான் சரியா வந்திருக்கு. மதுரைக்குப் போயி பெல்ட் வாங்குவோம். போட்டுக்கிருவியா?"

"பள்ளிக்கூடத்துக்குமா?"

"பள்ளிக்கூடத்துக்கும்தான்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். பிறகு புத்தகப் பையை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் அவர் அதைத் தூக்கித் தம் ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஏழாம் வகுப்புப் பை நல்ல கனம். ஒரு பக்கத் தோள் இறங்கி, சட்டை ஏறுமாறாகத் தொங்க, அதைச் சரிசெய்யாமலே மகளோடு தெருவில் இறங்கி நடந்தார்.