வீட்டுச் சாமானுக்குக் கிளேஸ் கிடையாது

எங்கள் வீட்டில் நல்ல கப் இல்லாமல் இல்லை. பூப்போட்டவை நான்கு, அலமாரியின் மேல்தட்டில் கவிழ்ந்திருக்கும். நாங்கள் குடிப்பதெல்லாம் பட்டறையில் கழித்துப் போட்டதில். விளிம்பு கோணியது, கைப்பிடி சாய்ந்தது, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு பிடிக்காமல் சொரசொரவென்று நிற்பது. விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இதுதான் வழக்கம். நல்லது வெளியே போகும், கழிந்தது வீட்டுக்கு வரும். எனக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை, அவள் எங்கள் வீட்டுக்கு வரும்வரை.

அவள் சென்னையில் என்னோடு ஆராய்ச்சி செய்பவள். அவள் அப்பாவும் அம்மாவும் பேராசிரியர்கள். எங்கள் வீட்டிலோ பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆளே நான்தான். இருவருக்கும் ஒரே வேலை: மின்காந்த அலையை விழுங்கும் பொருள் செய்வது. ரேடார் அலையோ செல்போன் அலையோ அதன்மேல் பட்டால் திரும்பக் கூடாது, உள்ளேயே வெப்பமாகி அடங்கிவிட வேண்டும். நான் இரும்பும் நிக்கலும் கலந்த தூளைப் பீங்கான் மண்ணில் சேர்த்தேன். அவள் இரும்போடு கரியைச் சேர்த்தாள். எது அதிகம் விழுங்குகிறதோ அதைத்தான் பெரிய தகடாகச் செய்வது, கட்டுரையில் அதைச் செய்தவர் பெயர்தான் முதலில் என்று எங்கள் மேடம் சொல்லியிருந்தார். அந்த முதல் பெயர் எனக்கு வேண்டியிருந்தது. அவள் வீட்டுப் புத்தக அலமாரியில் அப்படிப்பட்ட பெயர்கள் ஏற்கெனவே இருந்தன.

ஆய்வக உலை பழுதானபோது, எங்கள் ஊர்ச் சூளையில் சுட்டுக்கொள்ளலாம் என்று பெருமையாகச் சொன்னது நான்தான். அம்மா வேலை பார்க்கும் பொம்மைப் பட்டறை முதலாளியும் சம்மதித்தார். தானும் வருகிறேன் என்று அவள் கிளம்புவாள் என நான் நினைக்கவில்லை.

ஜங்ஷனில் இறங்கி ஆட்டோவில் வீட்டுக்குப் போனோம். நாங்கள் உட்காருவதற்குள் பூப்போட்ட கப் கீழே இறங்கிவிட்டது. அது அவளுக்கு. எனக்கு வழக்கமான கோணல்.

"டீ சூப்பரா இருக்கு ஆன்ட்டி."

"ஏதோ எங்க வூட்டு டீம்மா. இவ ஒரு நாளாச்சும் நல்லாருக்குன்னு சொல்லுவாளான்னு கேளு."

"லேப்லயும் அப்படித்தான் ஆன்ட்டி. வாயைத் திறந்தா குறை சொல்லத்தான்."

இருவரும் சிரித்தார்கள். அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. நான் படித்து வாங்கி வந்த எந்த மார்க்குக்கும் வராத சிரிப்பு, ஆன்ட்டி என்ற ஒரு வார்த்தைக்கு வந்துவிட்டது.

சோதனைக்காக நாங்கள் செய்திருந்த வில்லைகள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை. அடியில் புள்ளி வைத்தவை என்னுடையவை, கோடு போட்டவை அவளுடையவை என்று அம்மாவிடமும் காட்டினேன். கரித்தூள் நிரப்பிய மண்பெட்டியில் வைத்து, மூடி, அடுத்த சூளையில் ஏற்றச் சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினோம்.

அம்மா சுட்டுக் கொடுத்தனுப்பிய பெட்டியைச் சென்னையில் எல்லோர் முன்னும் திறந்தேன். என்னுடையவை சாம்பல் நிறத்தில் வெறுமையாக இருந்தன. அவளுடையவற்றின் மேல்முகம் பொம்மைக் கன்னம்போலப் பளபளத்தது. கிளேஸ் போட்டிருந்தது.

"ஐயோ, என்னோடது கெட்டுப்போச்சே," என்றாள் அவள், அழப்போகிற குரலில்.

நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். உள்ளே எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

"எதுக்கும் அளந்து பாருங்க," என்றார் மேடம்.

அலை திரும்பாத இடத்தில் அளக்கும் கருவியின் திரையில் கோடு பள்ளமாக இறங்கும். என் கோடு கொஞ்சம் தாழ்ந்து, சலித்ததுபோல மேலே வந்தது. அவள் கோடு கிணற்றில் விட்ட வாளி மாதிரி இறங்கியது.

"உலோகம் நிறைய இருந்தா அலை மேலேயே மோதித் திரும்பிடும்," என்றார் மேடம். "இந்தக் கண்ணாடிப் படலம் அதை உள்ளே விடுது. யாரு போட்டது இது?"

"இவங்க அம்மா," என்றாள் அவள், என்னைக் கட்டிக்கொண்டு. "ஆன்ட்டிக்கு நான் ஒரு புடவை எடுத்துத் தரணும்டி."

வெளியே போய் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அவளுதுக்கு மட்டும் எதுக்கும்மா கிளேஸ் போட்ட?"

"பளிச்சுனு இருக்கட்டுமேன்னு பெட்டியத் தொறந்து ஒரு முக்கு முக்குனேன். அடியும் ஓரமும் தொடச்சித்தான் வெச்சேன். ஒட்டிக்கிச்சா?"

"என்னுதுக்கு ஏன் போடல?"

"உன்னுது வூட்டு சாமான்தானடி. அந்தப் பொண்ணு அம்மாந்தூரத்துலேர்ந்து வந்து நம்மள நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்குது. மொட்டையாவா குடுத்தனுப்புறது?"

போனை வைத்துவிட்டேன். பெற்ற தாயின் கையே எனக்கு எதிராக வேலை செய்திருக்கிறது, அதுவும் ஆசையாக.

மறுநாள் மேடத்திடம் போய், இரண்டுக்கும் கிளேஸ் போட்டுச் சுட்டால்தான் ஒப்பிட முடியும் என்றேன். அவர் யோசிப்பதற்குள், "அதுதான் மேடம் நியாயம்," என்றாள் அவள். அதையாவது எனக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம்.

இந்த முறை தனியாக ஊருக்குப் போனேன். பட்டறையில் அம்மா கிளேஸ் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பொம்மைகளை முக்கிக்கொண்டிருந்தாள். என் வில்லைகளை அவள் மடியில் வைத்தேன்.

"இத வெளி ஆர்டர்னு நெனச்சிக்கிட்டு முக்கும்மா."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்குப் போயி மொகத்த தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கிறியா?" என்றாள். ஒவ்வொன்றாக முக்கி, ஈரப் பஞ்சால் ஓரம் துடைத்தாள். கடைசி வில்லையை வைத்ததும், "அந்தப் பொண்ணுதும் இருக்குதில்ல? குடு," என்றாள்.

இரண்டும் ஒரே பெட்டியில் வெந்தன. அளந்தபோது என் பள்ளம் அவளுடையதைவிட ஆழமாக இறங்கியது. பெரிய தகடு என் கலவையில்தான், கட்டுரையில் என் பெயர்தான் முதலில் என்று மேடம் சொன்னார். அவள் முகம் ஒரு கணம் வாடியது. அதைத்தான் பார்க்கக் காத்திருந்தேன். ஆனால் சரியாகப் பார்ப்பதற்குள் அவள் சிரித்துக் கைகொடுத்துவிட்டாள்.

ஊருக்குப் போய்ச் செய்தி சொன்னேன். அம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படுமே. ஒருநாள் கூட்டிட்டு வா. கொழம்பு வெச்சி சாப்பாடு போடுறேன்," என்றாள்.

டீ கோணல் கப்பில் வந்தது. நான் எழுந்து மேல்தட்டிலிருந்து பூப்போட்ட கப்பை எடுத்து, டீயை அதில் ஊற்றிக் குடித்தேன். நான் குடித்து முடிக்கும்வரை அம்மா கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுவிக் கவுத்து வெச்சிடு," என்றாள். "அவ வந்தா வேணும்."