தையல் மிஷின் பக்கத்துக் கள்ளி

செருப்புக்கடையில் இருந்தபோது காலைப் பார்த்தே ஆளை எடைபோடுவாள். அந்தக் கடையை மூடிய பிறகு எதிர்வரிசைச் செடிக்கடையில் சேர்ந்தாள். இப்போது வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டு எடைபோடுகிறாள். சீன வாஸ்துவான ஃபெங் சுய் முறைப்படி வீட்டுக்கு ராசியான செடிகளைத் தேர்ந்து, கொண்டுபோய் வைத்துக்கொடுப்பது அவள் வேலை. குடும்பம் செழிக்கக் கிழக்கு மூலையில் அதிர்ஷ்ட மூங்கில், வருமானத்துக்குத் தென்கிழக்கில் மணி பிளான்ட். முள் உள்ளது எதுவும் உள்ளே கூடாது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் மூங்கிலக்கா.

முழுக்க நம்புகிறாயா என்று கேட்டால் மழுப்பிவிடுவாள்.

"நம்ம வீட்டுத் தென்கிழக்குல கேஸ் சிலிண்டர்தான் நிக்குது. அதான் காசெல்லாம் எரிஞ்சு போகுது" என்பார் கணவர்.

"அந்த நாற்காலிய விட்டு நீங்க எழுந்தா, செடிக்கும் எடம் கிடைக்கும், எனக்கும் விடிவு கிடைக்கும்."

ஆனால் ஒன்றை அவள் கண்ணாரப் பார்த்திருக்கிறாள். புதுச் செடி வந்த வீட்டில் பூட்டிக் கிடந்த ஜன்னலைத் திறக்கிறார்கள். மூலையில் குவிந்த அட்டைப்பெட்டிகள் வெளியே போகின்றன. அது போதாதா என்று நினைத்துக்கொள்வாள்.

மூன்றாவது மாடித் தையல்காரம்மா கூப்பிட்டனுப்பியபோதும் அப்படித்தான் போனாள்.

"எம்பொண்ணு என்கூடப் பேசணும். அதுக்கு ஒரு செடி குடுங்க, வேற எதுவும் வேணாம்" என்றாள் அந்த அம்மா. சண்டை போட்டுக்கொண்டு போன மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். மாதக்கணக்காகப் போன் இல்லை.

மூங்கிலக்கா வீட்டைச் சுற்றிவந்தாள். தையல் மிஷின் பக்கத்தில், ஜன்னலோரம், கைப்பிடி அளவு கள்ளி ஒன்று இருந்தது. "முள்ளு உள்ள இருந்தா பேச்சுலயும் முள்ளு வரும்னு சொல்லுவாங்கம்மா" என்றாள். எல்லா வீட்டிலும் சொல்வதுதான்.

அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "அப்போ இப்பவே எடுத்துட்டுப் போயிருங்க."

வேண்டாத செடியை வீட்டுக்காரர்கள் தூக்கி எறியக்கூடாது, வைக்க வந்தவரே கொண்டுபோக வேண்டும் என்பது கடை வழக்கம். மூங்கிலைக் கிழக்கில் வைத்துவிட்டு, கள்ளியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தாள். விற்க மனசில்லை. தன் சமையலறை ஜன்னலில் வைத்தாள்.

சில நாள் கழித்து, கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரம்மா கடைக்கு ஓடிவந்தாள். "போன் பண்ணிட்டா!"

"பாத்தீங்களா, மூங்கில் வேலை செஞ்சிருச்சு" என்றார் கடைக்காரர்.

"மூங்கிலுமில்ல மண்ணாங்கட்டியுமில்ல! எடுத்த எடுப்புல, 'என் கள்ளி உசுரோட இருக்கா?'ன்னு கேட்டா. இருக்குன்னு சொல்லிட்டேன். போட்டோ அனுப்பச் சொல்றா. எங்க அது?"

அது மகளுடையது என்று மூங்கிலக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அதே மாதிரி ஒண்ணு தரேன், எடுத்துட்டுப் போங்க. என்ன தெரியப்போகுது?" என்றார் கடைக்காரர்.

"உங்களுக்குத் தெரியாதுண்ணே. வளத்தவளுக்குத் தெரியும்" என்றபடி மூங்கிலக்கா வீட்டுக்கு நடந்தாள்.

கள்ளி பிழைத்திருந்தது, வெளிச்சம் வந்த பக்கம் கொஞ்சம் சாய்ந்து. அதை மூன்றாவது மாடிக்கு அவளே தூக்கிவந்தாள்.

தையல்காரம்மா வாசலிலேயே தயங்கினாள். "உள்ள வைக்கக்கூடாதுன்னீங்களே?"

வெளியே வைத்தால் முள் வீட்டுக்குக் காவல் என்றும் அதே முறையில் உண்டு. அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"இருந்த எடத்துலயே வைங்கம்மா. அவ செடிய மட்டுமா பாக்கப்போறா? போட்டோல உங்க மிஷினும் தெரியட்டும்."

ஜன்னலோரம் தொட்டி இருந்த வட்டத் தடம் அழியாமல் இருந்தது. அதன்மேல் வைக்கும்போது விரலில் முள் ஏறியது. "ஊசி குத்தாத விரலா இது" என்று வாயில் வைத்துக்கொண்டே அந்த அம்மா படம் எடுத்து அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. "ம்மா, இன்னும் அந்தப் பழைய மிஷின்லயா தைக்கிற?" என்று மகளின் அதட்டல் அறை முழுக்கக் கேட்டது. மூங்கிலக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இப்போதும் முள்செடி உள்ளே கூடாது என்றுதான் சொல்கிறாள். யாருடையது என்று கேட்டுவிட்டுச் சொல்கிறாள்.