பெட்டிக்குப் பின்னால் இருந்த பக்கம்

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "ஸ்கேன் சென்டரில்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். விளக்கினால் யாருக்கும் புரியாது. தருமபுரி டவுனில் இருக்கும் ஒரு சென்டரின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நோய்களைப் பற்றிச் சின்னச் சின்னக் கட்டுரைகள் போடுவேன், வாரம் ஒரு முறை மின்னஞ்சலில் ஒரு மடல் அனுப்புவேன். மடலை வாங்க ஆள் வேண்டுமே, அதற்குத்தான் பாப்-அப்.

எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் குறுக்கே வந்து, மின்னஞ்சல் முகவரியைக் கொடு என்று மறித்து நிற்குமே, அந்தப் பெட்டி. அடுத்தவர் வெப்சைட்டில் அதைப் பார்த்தால் எனக்கே பற்றிக்கொண்டு வரும். ஆனால் நான் செய்த பெட்டி மேனேஜருக்குப் போதவில்லை.

"மடல் வேணுமான்னு கேட்டா எவன் மெயில் ஐடி குடுப்பான்? அவனுக்கு என்ன வேணுமோ அதச் சொல்லும்மா" என்றார்.

அதனால் "உங்கள் சந்தேகத்துக்கு மருத்துவரின் பதில், உங்கள் மின்னஞ்சலுக்கே" என்று எழுதினேன். எந்த மருத்துவரும் பதில் எழுதப் போவதில்லையே என்று இழுத்தபோது, "வாராவாரம் மடல்ல கட்டுரை போகுதில்ல, அதான் பதில்" என்றார். மூடுவதற்கான பெருக்கல் குறியைச் சின்னதாக்கி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சாம்பல் நிறத்தில் வைக்கச் சொன்னார். வைத்தேன். மடல் வாங்குகிறவர்களின் பட்டியல் மளமளவென்று வளர்ந்தது. அவர் ஆபீசுக்கே பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார், நானும் நன்றாகச் சாப்பிட்டேன்.

வீடு இண்டூரில். அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும் மட்டும்தான். புதுப் போன் வாங்கியதும் என் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இப்படித்தான். பிள்ளைகளின் பழைய போன், பிள்ளைகளின் மின்னஞ்சலோடு அப்படியே அம்மாக்களிடம் வந்து சேரும். அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக் கொடுக்க யாருக்கும் பொறுமை கிடையாது. அம்மாவுக்கு டைப் அடிக்க வராது. மைக்கை அழுத்தி, மாட்டைக் கூப்பிடுகிற சத்தத்தில் பேசுவாள். சென்டர் வெப்சைட்டை ஒருநாள் திறந்து, "இது முழுக்க நான் செஞ்சது" என்று காட்டினேன். மறுநாளே பால் சொசைட்டியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வருவதற்கு முன்னாலேயே ஆள் விட்டு விசாரிப்பது எங்கள் ஊர் வழக்கம். அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், மளிகைக் கடையில் கேட்பார்கள். குடும்பத்தில் யாருக்காவது பெரிய நோய் உண்டா என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். உண்டு என்று தெரிந்தால் காரணம்கூடச் சொல்லாமல் நின்றுவிடுவார்கள்.

ஒருநாள் காலையில் தோசை வைத்துக்கொண்டே அம்மா கேட்டாள். "மெயிலுன்னா வர எத்தினி நாளாவும்?"

"அனுப்புன உடனே வரும். உனக்கு யாரும்மா மெயில் போடறாங்க, அமெரிக்காவுலருந்தா?"

"சும்மாதான் கேட்டேன்" என்று சிரித்துவிட்டு மாட்டுக்குச் சோளத்தட்டு போடப் போய்விட்டாள். நானும் பஸ்ஸுக்கு ஓடினேன்.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, போன் சிக்கிக்கொண்டது என்று என்னிடம் நீட்டினாள். திறந்து பார்த்தால் திரை முழுக்க என் பெட்டி. கீறல் விழுந்த அந்தக் கண்ணாடியில் பெருக்கல் குறியை எனக்கே அழுத்த முடியவில்லை, தடவித் தடவித்தான் மூடினேன். பின்னால் நான் போட்ட கட்டுரை இருந்தது. "மார்பில் கட்டி: எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?"



"இத ஏம்மா பாத்த?"

 அம்மா தரையைப் பார்த்தபடி, "டாக்டரு பதில் போடுவாருன்னு இருந்துச்சே. நீ செஞ்சதுதானேன்னு நம்பிக் கேட்டேன். டவுன்ல போயிக் காட்டுனா நாலு பேருக்குத் தெரியும். உன் விசயம் முடியட்டும்னு பாத்தேன்" என்றாள்.

மைக்கில் கட்டி என்று சொல்லித் தேடித்தான் இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறாள். பெட்டியில் விரல் வைத்ததும் போன் தானாக ஒரு முகவரியைக் காட்டியிருக்கிறது. என்னுடையது. அதையே அழுத்தியிருக்கிறாள். பதில் வராததால் மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரு மெயில் எனக்கு வந்திருக்கிறது. பெட்டி வேலை செய்கிறதா என்று நானும் அடிக்கடி என் முகவரியைப் போட்டுப் பார்ப்பேன், அந்த மெயில்களெல்லாம் தனியாக ஒரு ஃபோல்டருக்குப் போகும்படி வைத்திருந்தேன். அம்மாவுடையதும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் கட்டுரையை அவள் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பெட்டியை மூடலாம் என்பதே அவளுக்குத் தெரியாது.

"பதிலு வந்திருக்குதா பாரு" என்றாள்.

"வந்திருக்கும்மா."

"என்ன போட்டிருக்குது? படி."

படித்தேன். வேறு என்ன செய்வது? "வணக்கம். எங்கள் குடும்பத்தில் இணைந்ததற்கு நன்றி. முழு உடல் பரிசோதனைக்கு உங்களுக்குச் சிறப்புச் சலுகை காத்திருக்கிறது." நானே எழுதியது. எழுதும்போது எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்த வாக்கியங்கள், வாயால் படிக்கும்போது குமட்டிக்கொண்டு வந்தன.

அம்மா இன்னும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?"

"அவ்ளோதாம்மா."

"கட்டியப் பத்தி?"

"ஒண்ணும் போடல."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்து மாராப்புக்குள் கொண்டுபோய், இடது பக்கம் அக்குளுக்குச் சற்றுக் கீழே வைத்து அழுத்தினாள். கொட்டைப்பாக்கு அளவுக்குக் கெட்டியாக இருந்தது. விரலால் நகர்த்திப் பார்த்தேன், நகரவில்லை.

"இது அதுதானா கண்ணு? நீயாச்சும் சொல்லு" என்றாள்.