தலைவரிடம் என் அண்ணன் கேட்டது

என் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைச் சரியாக அறிந்து செல்லவேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அண்ணன் மாதனூரில் பிறந்தார். தந்தையார் காலமானதும் ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கொன்றின் சுண்ணாம்புக் குழியில் இறங்கி உழைத்து, என்னை வேலூரில் படிக்கவைத்தார். தமக்கு எழுத்து தெரியாது. ஆனால் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். எங்கே கூட்டம் நடந்தாலும் போய்க் கேள்வி கேட்பார். பாதிரியாரும் தப்பியதில்லை, தாசில்தாரும் தப்பியதில்லை. நான் தடுத்தால், “கேட்டா இன்னா, கடிச்சிடுவாரா?” என்பார்.

ஒருமுறை தேசத் தலைவர் ஒருவர் ஆம்பூருக்கு வந்து பேசினார். வெளிமாகாணத்தவர், தமிழ் அறியாதவர். அண்ணன் வேலை செய்த கிடங்கில் அவருக்குப் பங்கும் உண்டு. அவர் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நின்று தமிழில் சொன்னவன் நான். சர்க்காரைக் குறை கூறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று அவர் முழங்கியதும் அண்ணன் எழுந்தார்.

“ஐயா, சர்க்காரைக் குறை சொல்லலாம்னீங்க. நம்ம கிடங்குல கூலி கம்மின்னு சொன்ன ரெண்டு பேரை உங்க பேரைச் சொல்லி வெளிய அனுப்பிட்டாங்க. அப்போ உங்களைக் குறை சொல்லலாமா, கூடாதா?”

தலைவர் என்னைப் பார்த்தார். “தங்கள் பேச்சு தொழிலாளர் கண்ணைத் திறந்துவிட்டது என்று நன்றி சொல்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மகிழ்ந்து, தம் கழுத்து மாலையைக் கழற்றி அண்ணனுக்குப் போட்டார். “விசாரித்து நல்லது செய்வாராம்” என்று தமிழில் சொல்லிவைத்தேன். தலைவர் ஆதரவில் நடந்த பள்ளியில் எனக்கு உபாத்தியாயர் வேலை வேண்டியிருந்தது. அது கிடைத்தது.

அந்த இருவருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவரான கரீம் பாய் அண்ணனின் உயிர்த் தோழர். கடைத்தெருவில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: “இன்னா தோஸ்த், எங்களுக்கு வேலை போச்சு, உனக்கு மாலை வந்துச்சு. நல்ல வியாபாரம்!” பிறகு பேசவே இல்லை. அண்ணன் விலைபோய்விட்டார் என்று ஊரும் நம்பியது.

அண்ணனுக்கோ வேறு குடைச்சல். “டேய் தம்பி, நான் சுருக்குனுதானே கேட்டேன்? அவரு ஏன்டா சிரிச்சாரு?” என்று வருடக்கணக்காகக் கேட்டார். “பெரிய மனசுண்ணே” என்றே சொல்லிவந்தேன்.

அண்ணன் வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் உண்மையைச் சொன்னேன்.

“அப்போ நான் கேட்டது அவரு காதுக்கே போகலையா?”

“இல்லண்ணே.”

ஏசுவார் என்று தலைகுனிந்து நின்றேன்.

“போயிருந்தா இன்னா சொல்லியிருப்பாரு?”

“தெரியலண்ணே.”

“போய்க் கேளேன்டா. உனக்குத்தான் இங்கிலீஷ் வருதே.”

அந்த வாரமே அவர் உயிர் பிரிந்தது.

கடைசிவரை கவனித்த டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும், தோள்கொடுத்துச் சுமந்த கிடங்குத் தொழிலாளருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இறுதி ஊர்வலத்தன்று மழையில் தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பிய கரீம் பாய் அவர்களே, என் அண்ணன் விலைபோகவில்லை. போனவன் நான்.

தலைவர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார். வருகிற ஞாயிறு மாலை வேலூரில் பேசுகிறார். அண்ணன் கேட்டதை முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் எழுந்து கேட்கப்போகிறேன். பதிலைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வரலாம்.