முதல் போர்டுக்கு ஒருத்தி

பள்ளிகளுக்கிடையே சதுரங்க அணிப் போட்டி ஒன்றை நாமே நடத்தினால் என்ன என்று எங்கள் பள்ளியில் முதலில் கேட்டவள் நான்தான். திருத்தங்கலில் கணக்கு டீச்சராக இருந்துகொண்டு சதுரங்க மன்றத்தையும் கட்டி மேய்க்கிறவளுக்கு இப்படித்தான் ஆசை வரும். தலைமையாசிரியர் சரி என்றார். விதிமுறைகளை எழுதியது நான், பள்ளிகளுக்குக் கடிதம் அனுப்பியது நான், எங்கள் அணிக்குப் பொறுப்பாளரும் நானே. இத்தனையும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்று வேறு யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் வாயைத் திறக்கவில்லை.

அணிப் போட்டியில் ஒரு பள்ளிக்கு நாலு பேர். இரண்டு பள்ளிகள் மோதும்போது இவர்களுடைய முதல் ஆள் அவர்களுடைய முதல் ஆளோடும், இரண்டாவது ஆள் இரண்டாவது ஆளோடும் என்று நாலு பலகைகளில் ஆடுவார்கள். முதல் பலகையை முதல் போர்டு என்போம். அங்கே இருப்பதிலேயே கெட்டிக்காரப் பிள்ளை உட்கார வேண்டும், அடுத்தடுத்து மற்றவர்கள். அதுதான் முறை. ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தரவரிசை என்று எதுவும் கிடையாது. யார் கெட்டிக்காரர் என்பது அந்தந்தப் பள்ளி சொன்னால்தான் உண்டு. விதிமுறையில் 'பலத்தின் வரிசைப்படி உட்கார வேண்டும்' என்று ஒரு வரி எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு 'பள்ளி தரும் வரிசையே இறுதியானது' என்று எழுதினேன். எதற்காக அழிக்கிறேன் என்று அழிக்கும்போதே எனக்குத் தெரியும்.

எங்களிடம் நன்றாக ஆடுகிற பையன்கள் மூன்று பேர்தான் தேறினார்கள். நாலாவது பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. மிச்சமிருந்தவள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆட்டம் கற்று ஆறு மாதம்கூட ஆகாதவள். முறைப்படி அவளை நாலாவதில் வைத்தால் அங்கேயும் தோற்பாள், மேலே இருக்கிற பையன்களும் தங்களைவிடப் பலமானவர்களிடம் திணறுவார்கள். அவளைக் கொண்டுபோய் முதல் போர்டில் வைத்தால், எதிரணியின் கெட்டிக்காரன் அவளை ஜெயித்துவிட்டுப் போவான். எங்கள் பையன்கள் மூன்று பேரும் ஒரு படி கீழே உள்ளவர்களோடு ஆடி மூன்றையும் அள்ளுவார்கள். மூன்றுக்கு ஒன்று. ஆட்டம் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த திருட்டுத்தனம்தான். அன்றைக்கு அதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொண்டேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ தோற்றால்தான் நாம் ஜெயிப்போம், அணிக்காகப் பொறுத்துக்கொள் என்றிருந்தால் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், அப்படிப்பட்ட பெண்தான். நான் மன்றத்தில் எல்லோர் முன்னாலும் முதல் போர்டு நீதான் என்றேன். அவள் எழுந்து நின்று, "நானா மிஸ்?" என்றாள். உன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றேன். பையன்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

அவளுடைய அப்பா அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். அப்போது ஆடி மாதம், தீபாவளி லேபிளும் காலண்டரும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கிற சீசன். பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கான லேபிள் ஓடிக்கொண்டிருந்த ஷீட்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலம் இடம் சும்மா கிடந்திருக்கிறது. முதலாளியிடம் கேட்டு அந்த இடத்தில் மகளுடைய போட்டோவைச் சேர்த்துவிட்டார். கீழே, 'முதல் போர்டு ஆடும் எங்கள் செல்ல மகளுக்கு வாழ்த்துகள்'. வேறு ஊர் அப்பா என்றால் செல்போனில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுப் போயிருப்பார். பட்டாசும் அச்சகமுமாகப் பிழைக்கிற எங்கள் ஊரில் அச்சடித்தால்தான் ஆகும். அச்சில் ஒன்றிரண்டு மட்டும் அடிக்க முடியாது. லேபிள் எத்தனை ஆயிரம் ஓடியதோ, அவளும் அத்தனை ஆயிரம் ஓடியிருந்தாள்.

போட்டி நாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளி வாசல் வரைக்கும் சுவரெல்லாம் அவள். டீக்கடைக் கண்ணாடியில் அவள், கரண்டு கம்பத்தில் அவள். சில துண்டுகளில் வெட்டு விலகி, பூச்சட்டியின் தீப்பொறி அவள் தோள்மேல் விழுந்திருந்தது. அப்போதுகூட மாற்றியிருக்கலாம், பட்டியல் இன்னும் என் கைப்பையில்தான் இருந்தது. உள்ளே போய் அதை அப்படியே நடுவரிடம் கொடுத்தேன்.

மொத்தம் ஐந்து சுற்று. முதல் சுற்றில் ராணியை இழந்தாள். இரண்டாவதில் பதினைந்து நகர்த்தலில் முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து, மன்னிச்சிருங்க மிஸ் என்றாள். நான் மற்ற மூன்று பலகைகளையும் பார்த்துக்கொண்டே, பரவாயில்லை, அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பையன்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது சுற்று முடிந்து தண்ணீர்க் குடத்துப் பக்கம் நின்றபோது, காரியாபட்டியிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்திருந்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் சிரித்தபடி சொன்னார்.

"அந்தப் புள்ளைய முன்னால விட்டுட்டு மூணையும் அள்ளுறீக. நல்லா நடத்துங்க டீச்சர்."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மத்தியானத்துக்கு மேல் அவளுடைய அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்பதும் நான் எழுதிய விதிதான், அதனால் ஜன்னல் ஓரமாக வெயிலில் நின்றார். அவருக்கு ஆட்டம் தெரியாது. மகள் எப்படி ஆடுகிறாள் என்று கேட்டார். முதல் போர்டு என்றால் எதிரே வருகிறவர்களும் பலமாக இருப்பார்கள் என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

கடைசிச் சுற்றில் எங்கள் பையன்கள் மூன்று பேரும் சீக்கிரமே ஜெயித்துவிட்டார்கள். கோப்பை எங்களுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. முதல் போர்டு மட்டும் முடியவில்லை. அவளும் விருதுநகர்ப் பையன் ஒருவனும் ஒரு மணி நேரத்துக்கு மேலாக உட்கார்ந்திருந்தார்கள். ராஜாவும் சில சிப்பாய்களும்தான் மிச்சம், அவனுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். பரிசு கொடுக்க வந்த விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். அவள் தலை நிமிர்ந்தபோது, போதும், தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டு வா என்று வாசலில் நின்றபடி நான் ஜாடை காட்டினேன். பொறுப்பாளர் அப்படிச் செய்யவே கூடாது. அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அந்தப் பையனிடம் கையை நீட்டிவிட்டாள். பலகையை எட்டிப் பார்த்த நடுவர், ஏம்மா, இதை டிரா பண்ணியிருக்கலாமே என்றார்.

முதல் போர்டு ஆடியவர்தான் கோப்பையை வாங்க வேண்டும் என்பது வழக்கம். அவள்தான் மேடையேறி வாங்கினாள். போட்டோ எடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவளுடைய அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அஞ்சுலயும் தோத்துட்டாளாம்ல டீச்சர். பெறகு கப்பு எப்படி?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நான்தான்ப்பா சரியா ஆடல. அவுக மூணு பேரும் ஆடித் தூக்கிட்டாக."

அவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "எம்புள்ளைய நம்பி முதல்ல உக்கார வச்சீக. மனசுல வச்சுக்கிராதீக டீச்சர்."

பரவாயில்லை என்றேன். அந்த மனுஷன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நானும் மன்னித்து அனுப்பினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது என்றெல்லாம் இப்போது எழுதிவிடலாம். அப்போது நாக்கு அதன் இடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் மன்றத்துக்கு வர மாட்டாள் என்று நினைத்தேன். வராமலிருந்தால் நல்லது என்றுகூட உள்ளுக்குள் நினைத்தேன், முகத்தைப் பார்க்க வேண்டாமே. அவள் ஒரு நாள் விடாமல் வந்தாள். வகுப்பில் சிலர் முட்டை, முட்டை என்று கேலி செய்ததாகக் கேள்விப்பட்டேன். அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்த வருஷத்துக்குள் பையன்களில் இரண்டு பேரைச் சர்வ சாதாரணமாக ஜெயிக்க ஆரம்பித்திருந்தாள்.

அந்த வருஷம் விருதுநகரில் நடந்த அணிப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. பட்டியலை எழுதித் தரும்படி அவளிடமே சொன்னேன். எழுதிக்கொண்டு வந்தாள். முதல் போர்டுக்கு நேரே தன் பெயரையும், இரண்டாவதில் எங்கள் பள்ளியின் முதல் ஆட்டக்காரனுடைய பெயரையும் எழுதியிருந்தாள். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நானே முதல்ல உக்காந்துக்கிறேன் மிஸ். அப்பத்தான மூணும் கெடைக்கும்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இது உனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டேன். காரியாபட்டி சார் சொன்னபோது தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாளாம். அப்படியானால் நாலாவது சுற்றையும் ஐந்தாவது சுற்றையும் தெரிந்தே ஆடியிருக்கிறாள். தெரிந்த பிறகும் கடைசி ஆட்டத்தில் ஏன் அத்தனை நேரம் போராடினாய் என்றேன். பெயர்ப்பட்டியலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரே ஒரு டிரா எடுத்துட்டா அப்பாட்ட சொல்லுறதுக்கு ஒண்ணு இருக்கும்லன்னு பாத்தேன்."

அவள் எழுதியதை அடித்துவிட்டு, பலத்தின் வரிசைப்படி அவளை இரண்டாவதில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்காக என்னை யாரும் பாராட்ட வேண்டாம். அவள் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"அப்பாட்ட மட்டும் சொல்லிராதீக மிஸ்" என்றாள்.

அவளுக்கு ஏதோ உபகாரம் செய்கிறவளைப் போல நான் தலையாட்டினேன்.