குதிரை வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா?

இன்று யட்டியாந்தோட்டை பஸ்ஸில் ரேடியோ ஓடியது. பொலிஸ் அதிகாரி ஒருவர் மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

ஓய்வு பெற்ற பொலிஸ் குதிரைகள் என்னவாகின்றன என்று ஒருவர் கேட்டார்.

"சாகும்வரை அதே கொட்டகைதான். தீனி, வைத்தியம் எல்லாம் உண்டு."

என் பக்கத்தில், போன மாதம் ஓய்வு பெறும்வரை தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய மாரியக்கா. முன்சீட்டில் இருந்த கான்ஸ்டபிள் ஒருவரின் தோளைத் தட்டிச் சிங்களத்தில் கேட்டார்.

"மாத்தயா, அந்தக் குதிரையோட மகனும் பொலிஸ்ல இருக்கணுமா?"

"எதுக்கு அக்கே?"

"எங்க தோட்டத்துல, வீட்டுல ஒருத்தராவது பேர் பதிஞ்சு வேலை செஞ்சாத்தான் தோட்டம் குடுத்த லயத்துக் காம்பராவுல குடியிருக்கலாம். எம் மகன் கொழும்புக் கடையில நிக்கிறான்."

அக்கா அவர் தோளை மறுபடி தட்டினார்.

"குதிரை வேலைக்கு ஆள் எடுத்தா சொல்லுங்க. நானே வாறேன்."

வயதெல்லை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அக்காவுக்கு அறுபது. மலை நன்றாக ஏறுவார்.